வண்டிப் பூஜை போட்ட குருக்கள்

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஒரு சிறிய பிள்ளையார் கோயில் இருக்கிறது. புது வண்டி எடுத்தவர்கள் நேராக அங்கேதான் பூஜைக்கு வருவார்கள். அங்குள்ள குருக்கள் ஒல்லியானவர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்க விட்டிருப்பார். எங்கள் காருக்குப் பொட்டு வைக்கும் முன் அதை மாட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் குனிந்து, கேமராவும் சென்சாரும் எங்கே என்று தேடினார். அவற்றை விட்டுவிட்டுத்தான் சந்தனம் வைத்தார்.

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நான் பட்டனை அழுத்தினேன். இன்ஜின் ஓடியது, கியர் போட்டும் வண்டி நகரவில்லை. கீ கீ என்று கத்தியது. பின்னால் இரண்டு புது வண்டிகள் காத்திருந்தன. மனைவி என்னைப் பார்க்காமல் கோயில் மணியைப் பார்த்தாள்.

குருக்கள் ஜன்னலில் குனிந்தார்.

"ஷோரூம்ல எல்லாம் சொல்லிக் குடுத்தாளோன்னோ?"

"சொன்னாங்க சாமி."

"நீங்க தலையாட்டினேள்."

"ஆட்டினேன்."

"எல்லாரும் ஆட்டிட்டுத்தான் இங்க வரா. பெல்ட்டைப் போடுங்கோ. ரெண்டடி போறதா இருந்தாலும் பெல்ட் போடாம இந்த வண்டி பிரேக்கை விடாது."

போட்டேன். பழங்கள் நசுங்கின.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. ஷோரூமுக்கு மறுபடி போய்ச் சந்தேகம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அதனால் டாஷ்போர்டில் புதிதாக ஏதாவது விளக்கு எரிந்தால், அர்ச்சனைச் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். அவரும் என் நட்சத்திரத்தைக் கேட்பதில்லை. "இன்னிக்கு என்ன கலர்ல எரியறது?" என்றுதான் கேட்கிறார்.