கழுவிப் போட்ட இறால்

அன்றைக்கு அறைக்குள்ளிருந்து நான் ஏன் குரல் கொடுக்கவில்லை? பதினொரு மாதமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது வருகிறது, துணி அலசும்போது வருகிறது. கோபமும் கூடவே வருகிறது. யார்மீது என்றுதான் தெரியவில்லை.

முறையாகச் சொல்கிறேன். நான் பி.எஸ்ஸி. முடித்து எம்.எஸ்ஸி. பட்டத்துக்குப் பதிந்திருக்கிறேன். அதற்குப் பரீட்சை கிடையாது. ஒரு பொருளைத் தானே ஆராய்ந்து ஒரு புத்தகம் அளவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எடுத்தது எங்கள் வாவியின் இறால். மாரியில் வாவி நிரம்பியதும் ஆற்றுவாயை அடைத்துக் கிடக்கும் மணலை வெட்டிக் கடலுக்கு வழி விடுவார்கள். அதற்கு அடுத்த வாரங்களில்தான் கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே ஏறுகின்றன என்பது என் எண்ணம். தலைமயிர் தடிப்பில், கண்ணாடி போல இருக்கும் குஞ்சுகள். வாரம் ஒரு தடவை, ஒரே இடத்தில், ஒரே அத்தாங்கு வலையால் அள்ளி, விழுந்தது அத்தனையையும் எண்ணினால்தான் அதை நிரூபிக்கலாம்.

வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் நான் ஒரு வாரம் தவறவிடவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றேன். பக்கத்து வளவில் இருக்கும் தோணிக்கார அண்ணன் தோணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சண்டைக் காலம். அள்ளியது அழுகாமல் இருக்கப் போத்தலில் ஊற்றும் போமலின் ஆஸ்பத்திரியில் கெஞ்சி வாங்கியது. நுணுக்குக்காட்டி பள்ளிக்கூடத்தில் இரவல்.

ஆற்றுவாய் வெட்டுவதற்கு நான்கு நாள் முன்பு மகள் பிறந்தாள். முப்பத்தொரு நாள் துடக்கு. அறையை விட்டு வெளியே வரக்கூடாது, வெளி ஆண்களோடு பேசக்கூடாது. இதை முன்பே யோசித்துத்தான் அண்ணனிடம் போத்தல்களைக் கொடுத்து, "வலையில விழுறதெல்லாம் அப்படியே போடுங்க" என்று சொல்லி வைத்திருந்தேன். ஏன் என்று சொல்லவில்லை. அவருக்கு அது எதற்கு என்று நினைத்துவிட்டேன்.

முதல் வாரம் அவர் வந்தபோது சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன்.

"பெரியம்மா, தங்கச்சிக்குப் போத்தல். சுறாவும் ஒண்டு கிடக்கு. ஆக்கிக் குடுங்க, பால் ஊறும்."

"போத்தலுக்குள்ள இறால் வடிவாக் கிடக்கே மனே!" இது அம்மா.

"நல்லதாப் பாத்துக் கழுவிப் போட்டிருக்கன். பிள்ளை பெத்த ஊட்டுக்குக் குப்பையக் கொண்டு வாறதா?"

கழுவி! எழுந்து உட்கார்ந்தேன். "அண்ணன், கழுவாதீங்க" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், மண் சுவர்தானே. போடவில்லை. போத்தலின் வெளிப்புறத்தைக் கழுவியிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அம்மாவிடம் ஒரு போத்தலை உள்ளே கேட்டேன். பச்சைப் பிள்ளை கிடக்கிற அறைக்குள் செத்ததைக் கொண்டுவரக் கூடாது என்றாள். சரி என்றேன். நல்ல பிள்ளையாகச் சுறாவைத் தின்றுவிட்டுப் படுத்தேன். அடுத்த மூன்று வாரமும் அப்படியே.

முப்பத்தோராம் நாள் தலை முழுகிய ஈரத்தோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். நான்கு போத்தல். ஒவ்வொன்றிலும் விரல் நீளத்தில் ஐந்தாறு இறால், கலியாண வீட்டுக்குத் தெரிந்தெடுத்தது போல. குஞ்சு ஒன்றுகூட இல்லை.

"சின்னதெல்லாம் எங்க அண்ணன்?"

"அது கூனிக் குப்பை தங்கச்சி. பாசியோட தண்ணிக்குள்ளயே உதறிப்போட்டன்." மனிதர் சிரித்துக்கொண்டே நின்றார். அவரை எப்படி ஏசுவது? என் பிள்ளை குடித்த பாலில் அவருடைய சுறாவும் இருந்தது.

நடந்ததை மறைக்காமல் கொழும்புக்குப் பேராசிரியருக்கு எழுதினேன். ஒரு வருடம் தவணை கேட்டேன். பதில் ஒரு பக்கத்தில் வந்தது. குடும்பப் பொறுப்பும் வெளிக்கள ஆராய்ச்சியும் ஒன்றாகப் போகாதாம். இந்த மாரிக்கு வேறொரு மாணவர் வருவாராம். நான் எண்ணி எழுதிவைத்த கொப்பிகளை அந்த மாணவருக்கு அனுப்பிவிட வேண்டுமாம். அவர் தம் முன்னுரையில் எனக்கு நன்றி சொல்லுவாராம். நன்றி! எங்கள் வாவிச் சேற்றில் ஒரு நாள்கூடக் கால் வைக்காதவர் எனக்கு நன்றி சொல்லுவார்.

"குடுத்திட்டு நிம்மதியா இரும். உமக்கு இப்ப பிள்ளை இருக்கு" என்றார் கணவர்.

"பிள்ளை உங்களுக்கும்தானே இருக்கு? உங்கட கந்தோர் வேலையை ஆருக்குக் குடுத்தீங்க?"

அவர் பத்திரிகையை விரித்துக்கொண்டார். அம்மா குசினியிலிருந்து கேட்கட்டும் என்றே சொன்னாள்: "தன்ர பிள்ளை அழுகுது, இவள் இறால்ர பிள்ளையத் தேடுறாள்." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காகவும் பிறகு கோபம் வந்தது.

சென்ற வாரம் பேராசிரியரின் இரண்டாவது கடிதம்: கொப்பிகள் இன்னும் வந்து சேரவில்லையாம். சணல் கயிற்றால் கட்டி, விலாசமும் எழுதி, மேசையில் வைத்திருக்கிறேன். இரண்டு தடவை தபால் கந்தோர் வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பினேன். மழை தொடங்கிவிட்டது. இன்னும் சில வாரத்தில் ஆற்றுவாயை வெட்டுவார்கள். "இந்த முறை குப்பையோட கொண்டு வாறன் தங்கச்சி" என்கிறார் அண்ணன். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இனி என் கண்ணால் பாராத போத்தலை நான் எண்ணமாட்டேன். போவதென்றால் நானே போக வேண்டும். மகள் இன்னும் பால்குடி மறக்கவில்லை. போத்தல் பாலைத் துப்புகிறாள். போகவர அரை நாள். அவளுக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டில் என்ன சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் சொல்லிக்கொள்ளுவேன்.

இதைப் படிக்கும் தாய்மாரிடம் கேட்கிறேன். வயலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ வாவிக்கோ கைப்பிள்ளையோடு வேலைக்குப் போனவர்கள் இருப்பீர்கள். பதினொரு மாதப் பிள்ளையை மழைக் காலத்தில் தோணியில் கொண்டுபோகலாமா? வீட்டில் விட்டால் அரை நாள் தாங்குமா? எதைக் கொடுத்துப் பழக்கினீர்கள்? அல்லது மேசையில் இருக்கும் கொப்பிக் கட்டை அனுப்பிவிடுவதுதான் சரியா? ஆற்றுவாய் வெட்டுவதற்கு முன் எழுதுங்கள்.