மேஸ்திரியின் அறுநூற்று நாற்பது வாக்கியங்கள்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அந்த மனிதருக்குத் தெருவில் வைத்த பெயர் துடைப்பான். கடையைக் கூட்டிப் பெருக்குவதால் வந்த பெயர் இல்லை, கடை எப்போதும் குப்பையாகத்தான் கிடக்கும். யார் சாமானைச் சரிசெய்தாலும், வேலை முடிந்த கையோடு தன் மெஷினில் அதன் சுவடே இல்லாமல் அழித்துவிடுவார். சும்மா அழிப்பதும் இல்லை. அழித்த இடத்தின் மேல் கண்டதையும் எழுதி, மறுபடியும் எழுதி, எந்தக் கொம்பனாலும் தோண்டி எடுக்க முடியாதபடி செய்யும் மென்பொருள் ஒன்றை வைத்திருந்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. இளவயதில் அவர் சம்பளத்துக்கு இருந்த கடையில், பக்கத்து மேஜைக்காரன் ஒரு பெண்ணின் லேப்டாப்பிலிருந்து அவளுடைய படங்களை உருவி நாலு பேருக்கு அனுப்பினான். இவர் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண்ணின் குடும்பம் ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு போனது. சொந்தக் கடை போட்ட நாளிலிருந்து, அடுத்தவர் வீட்டு விஷயம் தன் மெஷினில் ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது என்பதை இவர் சட்டமாகவே வைத்துக்கொண்டார். பதினெட்டு வருஷத்தில் அது ஒருநாளும் தவறவில்லை. பெண்கள் கூசாமல் வந்து போனை நீட்டும் கடை அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான்.

இரண்டு தெரு தள்ளியிருக்கும் தையல்கார அம்மா ஒரு புதன்கிழமை காலை வந்தார். கையில் பழைய ரவிக்கைத் துணியில் சுற்றிய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். அவர் கணவர் லாரி ஷெட்டில் மேஸ்திரியாக இருந்தவர். ஷெட்டுக்குள் நின்று அவர் கூப்பிட்டால் ரோட்டைத் தாண்டி டீ குடித்துக்கொண்டிருப்பவன் கிளாசை வைத்துவிட்டு ஓடிவருவான். அப்படிப்பட்ட குரலுக்குத்தான் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று சொல்லி, எடுத்தும் விட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் அவரை உட்கார வைத்து, தினசரி தேவைப்படும் வாக்கியங்களை அவர் குரலிலேயே பதிவு செய்து கொடுத்திருந்தாள். தண்ணி கொண்டா. ஃபேனைக் குறை. மக போன் பண்ணாளா. வலி இன்னைக்குக் கொஞ்சம் தேவலை. இப்படி அறுநூற்று நாற்பது. போனில் ஏற்றிவிட்டால், பொத்தானைத் தொட்டதும் அவரே பேசுவது போலக் கேட்கும். ஆனால் பதிவுகளுக்குப் பெயர் இல்லை, வெறும் எண்கள்தான். எந்த எண்ணில் எந்த வாக்கியம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் மாற்றி வைத்தால், ஞாயிற்றுக்கிழமை வரும் மகள் போனில் ஏற்றுவாள். அம்மா பெயர் மாற்ற உட்கார்ந்தால், வீட்டுக் கம்ப்யூட்டர் பாடிக் காட்டியதே தவிர ஒரு எழுத்தை மாற்ற விடவில்லை. படிக்க மட்டும்தான், எழுத முடியாது என்று அடம்பிடித்தது.

துடைப்பான் கேட்க வேண்டியதைக் கேட்டார். வேறு எங்காவது இதற்குக் காப்பி இருக்கிறதா?

"இல்லீங்க. ஆஸ்பத்திரி மெஷின்ல அன்னைக்கே அழிச்சிட்டாங்க. இது ஒண்ணுதான்."

தன் காதாலேயே கேட்டார். அதை மறந்துவிட வேண்டாம்.

கடையில் மாட்டிப் பார்த்தால் டிஸ்க் சொன்ன பேச்சைக் கேட்டது. பெயரும் மாறியது, எழுதவும் முடிந்தது. கோளாறு வீட்டுக் கம்ப்யூட்டரில் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். ஐந்து நிமிஷம் நடந்து போய் அதைப் பார்த்திருக்கலாம். ஆனால் மேஜையில் வேறு வேலைகள் குவிந்து கிடந்தன. பழைய கம்ப்யூட்டருக்கு இந்த டிஸ்க்கின் அமைப்பு ஒத்துவரவில்லை போலும், இதை அழித்து வேறு விதமாக ஃபார்மட் பண்ணிக் கொடுத்தால் எதிலும் ஓடும் என்று அவராகவே முடிவு கட்டினார். பதினெட்டு வருஷ அனுபவம் வேறு. கேட்கவா வேண்டும்?

முதலில் பதிவுகளைத் தன் மெஷினுக்கு மாற்றினார். எண்ணிப் பார்த்தார், அறுநூற்று நாற்பதும் இருந்தன. பிறகு டிஸ்க்கை ஃபார்மட்டில் போட்டார். நொடியில் முடியும் மேலோட்டமான ஃபார்மட் இல்லை. மூலைமுடுக்கெல்லாம் துடைத்து எடுக்கும் முழு ஃபார்மட், நாலு மணி நேரம் ஓடும். அரைகுறை வேலை அவருக்கு ஆகாது.

அது ஓடிக்கொண்டிருக்க, ஒரு வக்கீலின் லேப்டாப்பை முடித்தார், ஒரு பள்ளிக்கூடத்தின் மாணவர் பட்டியலை மீட்டுக் கொடுத்தார். இரண்டும் கைமாறியதும், வழக்கம்போல வேலை ஃபோல்டரைத் துடைக்கப் போட்டார். அவர் போட்டார் என்பதைவிட அவர் கை போட்டது என்பதுதான் சரி. மேஸ்திரியின் பதிவுகளும் அதே ஃபோல்டரில்தான் இருந்தன. துடைத்து முடித்தது. கொஞ்ச நேரத்தில் ஃபார்மட்டும் முடிந்தது. பதிவுகளைத் திருப்பிப் போடலாம் என்று ஃபோல்டரைத் திறந்தார்.

உள்ளே ஒன்றுமே இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த இரண்டு நாளும் அவருக்குக் கடை இல்லை. தகவல் மீட்பதையே தொழிலாக வைத்திருக்கும் இடத்துக்கு டிஸ்க்கையும் தன் மெஷினையும் தூக்கிக்கொண்டு போனார். அங்கே இருந்தவர், இவ்வளவு சுத்தமாக அழித்தது யார் என்று கேட்டார். வீட்டில் தட்டில் கைவைத்தபடியே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மனைவி ஒன்றுதான் சொன்னாள்.

"போன்ல சொல்லாதீங்க. நேர்ல போங்க."

சனிக்கிழமை போனார். முன்னறை முழுக்கத் துணி. தையல் மெஷினுக்குப் பக்கத்தில், துணி வெட்டும் மேஜையின் ஓரத்தில் கம்ப்யூட்டர். மேஸ்திரி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் இருந்த துளையை மறைத்து மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருந்தது. இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, நாற்காலியை இழுத்துப் போடச் சொல்லி மனைவிக்குக் கை காட்டினார். ஆச்சாங்க என்று கேட்டார் அம்மா. எதையாவது செய்ய வேண்டுமே என்று டிஸ்க்கை அந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினார் துடைப்பான்.

புதிதாக ஃபார்மட் பண்ணிய வெற்று டிஸ்க். அதிலும் எழுத முடியாது என்றது கம்ப்யூட்டர்.

இந்தக் கம்ப்யூட்டரை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். மூடிப்போன ஒரு அலுவலகத்தில் பழசாக வாங்கியது என்றார் அம்மா. விஷயம் அவ்வளவுதான். வேலை செய்பவர்கள் தகவலை வெளியே எடுத்துப் போகாமல் இருக்க, வெளியிலிருந்து மாட்டும் எந்த டிஸ்க்கிலும் எழுத முடியாதபடி அந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டரையே பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பூட்டுக்கான ஒரே ஒரு செட்டிங்கை மாற்றி, கம்ப்யூட்டரை ஒருமுறை நிறுத்திப் போட்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இப்போது எழுதியது. எழுதுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

"எல்லாம் போச்சும்மா," என்றார். "என் கையாலதான் போச்சு. டிஸ்க்ல ஒரு குறையும் இல்ல. நான் அன்னைக்கே இங்க வந்து பார்த்திருக்கணும்."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. ஒண்ணுகூடவா இல்லை என்று மெதுவாகக் கேட்டார். இவர் தலையை ஆட்டினார். அம்மா கையிலிருந்த கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

மேஸ்திரி எழுந்தார். வேட்டியை இறுக்கிக்கொண்டு இவருக்கு எதிரே வந்து நின்றார். வாய் திறந்தது, உதடுகள் வேகமாக அசைந்தன, கழுத்து நரம்பு புடைத்தது, விரல் இவர் முகத்துக்கு நேரே ஆடியது. சத்தம் மட்டும் இல்லை. மூச்சு கழுத்து வழியாக வந்து அந்த வெள்ளைத் துணியைப் படபடவென்று அடித்தது. அந்த உதடுகளைப் பார்க்க முடியாமல் துடைப்பான் தலையைக் குனிந்துகொண்டு எழப் பார்த்தார்.

"திட்டுறாரு," என்றார் அம்மா. "எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும். எந்திரிக்காதீங்க. அவர் முகத்தப் பாத்துக் கேளுங்க."

துடைப்பான் உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தார். மேஸ்திரி நிறுத்துவதாக இல்லை.