ஓடுகிற வரைக்கும்தான் வண்டி

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே ஆராய்ச்சி, உக்கடத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செய்தது. அதன் முடிவு தப்பு. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என் மச்சான் சொல்லிவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில், தோட்டத்து முருங்கைக்காயையும் தேங்காயையும் வெள்ளகோவில் பக்கமிருந்து கோயமுத்தூர் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு டீசல் பிக்கப் வாங்க ஆசைப்பட்டேன். அப்போது எங்கள் பக்கம் இரண்டு கம்பெனி வண்டிகள் போட்டி போட்டு ஓடிக்கொண்டிருந்தன. எது மக்கர் பண்ணாது என்று வண்டிக்காரர்களைக் கேட்டால் ஒவ்வொருவரும் தன் வண்டியைத்தான் சொன்னார்கள். கைக்காசைப் போட்டு வாங்கினவன் வேறு என்ன சொல்வான்? ஆகவே வாயால் கேட்பதை விட்டுவிட்டு, கண்ணால் பார்ப்பது என்று இறங்கினேன். சந்தைக்குப் போகும்போதெல்லாம் அந்த டீக்கடையில் உட்கார்ந்து, எந்தக் கம்பெனி வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது என்று கவனித்தேன். ஒரே கம்பெனி வண்டிகளாகத்தான் வரிசை கட்டி நின்றன. இன்னொரு கம்பெனி வண்டி மருந்துக்குக்கூட இல்லை. நிற்காத கம்பெனி வண்டியை வாங்கிவிட்டேன்.

டீக்கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை, அந்த முதல் கம்பெனி வண்டிகளை மட்டும் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப். எனக்கு அதைச் சொன்னவர் மச்சான், என் மனைவியின் அண்ணன். அவர் ஓட்டியது அந்த முதல் கம்பெனி வண்டிதான்.

"ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து பாத்தா ஊருல அத்தனை பேரும் சீக்காளியாத்தானுங்க தெரிவாங்க மாப்ள," என்றார். சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு எப்போது போனாலும், தங்கச்சி சௌக்கியமா என்று கேட்கும் முன்பே "வண்டி சொகமுங்களா?" என்பார். நானும் விடவில்லை. அவர் வண்டி ஓடும் சத்தம், ஆட்டுக்கல்லில் ஜல்லியைப் போட்டு ஆட்டுவது போல இருக்கும். என்னுடையது அப்படியில்லை, பூனை மாதிரி வரும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சித்திரையில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழா, எங்கள் பேச்சில் நோம்பி, வந்தது. கொடுமுடிக்குப் போய்க் காவிரித் தீர்த்தம் எடுத்து வந்து, பொழுது சாய்வதற்குள் அம்மனுக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். தீர்த்தக் குடங்கள் யார் வண்டியில் வருவது என்று பேச்சு வந்தபோது, நான்தான் முதலில் கத்தினேன். புது வண்டி என்பதால் கோயில் பெரியவரும் சரியென்றார். மச்சான் வண்டிக்கு மேளக்காரர்கள்.

மச்சான் ஒன்றும் தெரியாதவர் போல ஒரு சந்தேகம் கேட்டார். "கொடம் வர்ற வழியில தரையில படக் கூடாதுங்களே. வண்டித் தளம் தரையிலே சேருமுங்களா, சேராதுங்களா?"

பெரியவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "ஓடுற வரைக்கும் அது வண்டி. நின்னுபோச்சுன்னா அது தரை."

"அப்படீன்னா எது நிக்காதோ அதுல ஏத்திப்போடுங்க," என்றார் மச்சான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எம்பட வண்டி நிக்காதுங்க," என்றேன். வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆயில் பார்த்தேன், பெல்ட் பார்த்தேன், டயரை உதைத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். பயம் கொஞ்சம் தெளிந்ததும் அலங்காரத்தில் இறங்கினேன். வண்டியின் முன்முகம் முழுக்க மறைகிற மாதிரி ஒரு பலகை. அதில் அம்மன் பெயர், அதற்குக் கீழே 'உபயம்' என்று என் பெயர். பெயிண்டர் கேட்டதால் சொன்னேன், என் பெயர் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும் என்று. பலகையைச் சுற்றி நெருக்கமாக வேப்பிலை.

கொடுமுடியில் குடங்களை நிரப்பி ஏற்றினோம். குடங்களோடு பின்னால் ஏறியவர்களில் என் மனைவியும் ஒருத்தி. மஞ்சள் சேலை கட்டி, விரதம் இருந்து, அந்த வருஷம்தான் முதல் முறையாகக் குடம் எடுத்தாள். "அண்ணன் பின்னால வருது. பாத்து ஓட்டுங்க," என்றாள்.

பார்த்துத்தான் ஓட்டினேன், கண்ணாடியில். மச்சான் எவ்வளவு பின்தங்குகிறார் என்று. முத்தூர் தாண்டுவதற்குள் அவர் மறைந்துவிட்டார். எனக்கு மனசெல்லாம் குளிர்ந்தது. சூட்டைக் காட்டும் முள் என்று ஒன்று இருப்பதே நினைவில்லை.

மேட்டில் ஏறும்போது வேப்பிலைக்கு நடுவிலிருந்து ஆவி வந்தது. முதலில் சாம்பிராணி என்று நினைத்தேன். பிறகு கொதிக்கிற சத்தம் கேட்டது. ஓரம் கட்டினேன்.

பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். "நின்னுபோச்சுங்களா?"

"இல்லீங்க. நிறுத்தியிருக்கறனுங்க."

அவர் கையை நீட்டிப் பின்பக்கத் தகரத்தைத் தட்டினார். "கொடத்தத் தலைக்குத் தூக்குங்க."

அத்தனை குடமும் தலைக்கு ஏறியது. ஊர்வலம் ஒன்று நடு வழியில் உறைந்துபோன மாதிரி அவர்கள் வண்டியின் மேலேயே வெயிலில் நின்றார்கள். தள்ள ஆள் இல்லை, இரண்டு கையும் குடத்தில். தண்ணீர் கேனைத் தூக்கினேன். காலி. வண்டி மினுங்க வேண்டும் என்று கொடுமுடியில் கழுவியது அந்தத் தண்ணீரில்தான். கண்ணெதிரே காவிரி ஓடுகிற ஊரிலிருந்து காலி கேனோடு புறப்பட்ட ஒரே டிரைவர் நானாகத்தான் இருப்பேன்.

அங்கே இருந்த தண்ணீரெல்லாம் அவர்கள் தலைமேல் இருந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது தோன்றியிருக்க வேண்டும். பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "ஏனுங்க, அம்மனுக்கு முன்னால உங்க வண்டிக்கு அபிசேகம் பண்ணிப்போடலாமுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் குடம் தளும்பும்.

கேனை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினேன். தூரத்தில் ஒரு கிணறு. தண்ணீர் பாதாளத்தில் கிடந்தது. எட்டிப் பார்க்க முடிந்தது, எடுக்க முடியவில்லை. மோட்டார் இருந்தது, கரண்ட் இல்லை. திரும்பி ஓடி வந்தேன். நிழல்கள் ரோட்டுக்குக் குறுக்கே நீள ஆரம்பித்திருந்தன. நடந்து போனால் பொழுதுக்குள் போய்ச் சேர முடியாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். மனைவியைப் பார்த்தேன். குடத்தின் கழுத்தில் விரல்களை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு காய்ந்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குடம் இறங்கினால் ஊர் என்னை ஒன்றும் சொல்லாது, அவள் விரதத்தைத்தான் சொல்லும். அது நினைவுக்கு வந்ததும் எனக்குக் கால் தரிக்கவில்லை.

மத்தியானம் முழுக்க எவர் கண்ணாடியில் தெரியக் கூடாது என்று ஓட்டினேனோ, அவரை நடு ரோட்டில் நின்று தேடினேன். சிவகிரி வழியாகச் சுற்றிப் போயிருந்தால்? மேளக்காரர்கள் எங்காவது டீ குடிக்க இறங்கியிருந்தால்?

அப்போது கேட்டது, ஆட்டுக்கல்லில் ஜல்லி. அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. இதை அவரிடம் சொன்னதுமில்லை.

மச்சான் ஒரு பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். தன் வண்டியைப் பின்பக்கமாக என் வண்டியோடு ஒட்டி நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை.

"எம்பட வண்டி ஓடீட்டுத்தானுங்க இருக்குது," என்றார் பெரியவரைப் பார்த்து. பெரியவர் தலையசைத்தார்.

குடங்கள் கைக்குக் கை மாறின. "அம்மணி, பதனமா ஏறு," என்று தங்கச்சியை ஏற்றிவிட்டு, மேளக்காரர்களைக் கிடைத்த இடத்தில் அடைத்தார். நான் அவர் வண்டியில் இருந்த தண்ணீர் கேனுக்குக் கை நீட்டினேன்.

"கொதிக்கற இன்ஜின்ல பச்சத் தண்ணி ஊத்தாதீங்க. ஆறட்டும். தீர்த்தத்தச் சேத்துப்போட்டு நான் வாரேன்."

நான் மட்டும் என் பெயர்ப் பலகையோடு நின்றேன். சூரியன் பனைமரத்து உயரத்துக்கு இறங்கி, அப்புறம் அதற்கும் கீழே போனது. தீர்த்தம் போயிருக்குமா, போகும் வழியில் அவர் வண்டியும் நின்றிருக்குமா என்று ஒவ்வொரு வளைவாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அந்தக் கம்பெனி வண்டிக்காக நான் சாமி கும்பிட்டது அன்றைக்குத்தான்.

வெளிச்சம் மங்கும்போது மச்சான் திரும்பி வந்தார். இறங்குவதற்குள் ஓடிப்போய்க் கேட்டேன். "போய்ச் சேந்துதுங்களா?"

"சேந்துதுங்க. அம்மணி அங்க பானக்கம் குடிச்சுட்டு இருக்குது."

அவர் என் வண்டிக்கு முன்னால் போய் நின்று, பலகையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். வேப்பிலையை உருவி ஓரமாகப் போட்டார். ரேடியேட்டர் அப்போதுதான் காற்றைப் பார்த்தது. மூடியைத் துணி வைத்துத் திறந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். பிறகு உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் பூனை மாதிரி ஓடியது.

"கோளாறு எதுலீங்க மச்சான்?" என்று கேட்டேன்.

அவர் இறங்கி வந்து, பலகையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"வண்டியில இல்லீங்க மாப்ள."