உப்புப் பூக்காத இடங்கள்

காலை 6.10க்குச் சிலாபத்தில் பஸ் ஏறினேன். பையில் தட்டச்சு செய்த கடிதம் ஒன்று. கையொப்பம் மட்டும் பாக்கி. கற்பிட்டி நகரின் புறத்தே உள்ள சிறிய செங்கல் தேவாலயத்துக்கு மரபுரிமைப் பெறுமதி எதுவும் இல்லை, இடித்து மண்டபம் கட்டலாம் என்பது அதன் சாரம். அந்தத் தேவாலயத்தின் பங்குச் சபையினர் கேட்டிருந்தார்கள். தொல்லியல் திணைக்களத்திலிருந்து ஓய்வு பெற்றவனின் கடிதத்துக்கு அதிகாரம் கிடையாது. அதிகாரம் உள்ளவர்கள் அதைப் பார்த்து எழுதுவார்கள், அவ்வளவுதான். காரணங்களும் தயார்: கட்டிய ஆண்டு தெரியாது, கட்டியவர் தெரியாது, இதைப் போல இந்தக் கரையில் பல உண்டு. இடத்தைப் பார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

பாலாவிச் சந்தியில் பஸ் மாறினேன். கற்பிட்டி அங்கிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். மாம்புரி வரை தென்னையும் தோட்டங்களும். எத்தாளை தாண்டியதும் உதட்டை நக்கினால் உப்பு. போர் முடிந்து நான்கு வருடம். பழைய சோதனைச்சாவடியின் மண்மூட்டைகளில் புல் முளைத்திருந்தது.

9.40. முச்சக்கர வண்டிக்கு நூற்றைம்பது ரூபாய்.

"பகல்ல போறது நல்லம் சேர்," என்றார் ஓட்டுநர். "அந்தக் கோயிலுக்குள்ள ஆக்கள் வரிசையா குந்திக்கொண்டிருப்பாங்க."

"பூட்டின கோயில் எண்டாங்களே?"

"ஓம், பூட்டித்தான் இருக்கு."

வாசலில் இறக்கியவர், மிச்சக் காசைக் கொடுக்கக்கூட நிற்காமல் பறந்தார். இலாபகரமான பயம்.

சாவி பக்கத்து வீட்டு ஹாஜரா உம்மாவிடம் இருந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, வள்ளத்தில் வந்து இங்கே கரையேறிய முஸ்லிம் குடும்பம் அவருடையது. கதவைத் திறந்தவர் உள்நோக்கி ஸலாம் சொன்னார். உள்ளே யாரும் இல்லை.

பீடமும் மக்கள் அமரும் வாங்குகளும் புதிய கோயிலுக்குப் போய்விட்டிருந்தன. கிழக்குச் சுவர் முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. உவர்க் களியில் சுட்ட கல், பூச்சு நிற்காது. நான்காவது காரணம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். பிறகு கண் இருட்டுக்குப் பழகியது.

வெள்ளையின் நடுவே, இடுப்புக்குச் சற்றுக் கீழே, கருஞ்சிவப்பு வட்டங்கள். பதினொன்று. இரண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. இரண்டு சிறியவை, இன்னும் கீழே. யாரையோ மிதித்துவிடுவேன் போலிருந்தது. சப்பாத்தைக் கழற்றினேன்.

"தலைகள் சேர்," என்றார் ஹாஜரா உம்மா. "நாப்பது நாள் இந்தச் சுவரிலதான் சாஞ்சு கிடந்தம். பேன் தொல்லையில எல்லாருக்கும் ஃபாதர் தேங்காயெண்ணெய் வாங்கித் தந்தார். எண்ணெய் குடிச்ச கல்லுல உப்புப் பூக்காது. ரெண்டு தரம் சுண்ணாம்பு அடிச்சுப் பாத்தாங்க. நாங்க திரும்பவும் வந்திட்டம்."

சிரித்துவிட்டு, தென் மூலையில் தனியாக இருந்த வட்டத்தின் முன் குந்தினார்.

"இது எங்கட உம்மா. இதிலயே மௌத்தாகிட்டா. ஊர்ல இருந்து ஒரு படமும் கொண்டு வரல்ல, இதுதான் இருக்கு. நீங்க எழுதித் தந்தா இடிப்பாங்களாமே?"

"ஓம்," என்றேன். நடைமுறை தெரிந்திருப்பது முதல் தடவையாகக் கூச்சமாக இருந்தது.

அளவுநாடாவை எடுத்துச் சுவரருகே நீட்டினேன்.

"முகத்தில படாமப் பிடிங்க சேர்."

பிடித்தேன். அளவைக் குறித்துக்கொண்டேன்.

பிற்பகல் 2.15 பஸ். சிலாபத்தில் என் சாய்வுக் கதிரைக்குப் பின்னும் சுவரில் ஒரு வட்டம் உண்டு; அதை அழிக்க பெயின்ற் அடிப்பவரை வரச் சொல்லியிருந்தேன். பாலாவி வரை தலையை எதிலும் சாய்க்கவில்லை.

விதி தெரிந்தவன் மாற்றுப் படிவமும் கொண்டுபோவான். கடிதத்தை நான்காக மடித்துக் கிழித்துவிட்டு, பாதுகாக்கக் கோரும் விண்ணப்பத்தை மடியில் வைத்தேன். கட்டிய ஆண்டு: தெரியாது. கட்டியவர்: தெரியாது. சிறப்பம்சம் என்ற இடத்தில் எழுதினேன்: கிழக்குச் சுவர், தென் மூலை, தரையிலிருந்து இரண்டடி ஏழு அங்குலத்தில் ஒரு பெண் இருக்கிறார்.