கண்ணு மாத்திரை

என் மனைவி சுலோச்சனாவின் பார்வையைக் கெடுத்தவன் நான். நரம்புக் கோளாறு என்று உறவெல்லாம் பேசிக்கொள்கிறது. அப்படிச் சொல்லி வைத்தவனும் நான்தான்.

எழுதுகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று நினைத்திருந்தீர்களா?

தொண்ணூறுகளின் தொடக்கம். சிங்காநல்லூர்க் குளத்தை ஒட்டி வாடகை வீடு. அந்தி சாய்ந்தால் ஊசிக்காது தெரியவில்லை என்றாள். துபாயிலிருந்து விடுமுறையில் வந்த என் சிநேகிதன் காதர் ஒரு பெரிய டப்பா கொடுத்தான். வைட்டமின் ஏ. தேன் நிறத்தில், தொட்டால் அமுங்கும் மாத்திரைகள். ஒன்றை வெயிலில் பிடித்தேன்... ஒரு சொட்டு மாலைப்பொழுதை யாரோ மீன்முட்டைக்குள் அடைத்து வைத்தது போலிருந்தது.

வாரத்துக்கு ஒன்று என்று டப்பாவில் ஆங்கிலத்தில் இருந்தது. படித்தேன். புரிந்தது.

முதல் நாள் அவள் உள்ளங்கையில் ஒன்றை வைத்தேன்.

"ஏனுங்க, ஒத்தையாவா வெப்பாங்க? தோசையே ரெண்டாத்தான் வெக்கோணும். எளவு ஊட்டுல வெக்கற மாதிரி வெக்கறீங்க" என்று சிரித்தாள்.

இன்னொன்றை வைத்தேன். மறுநாளும் இரண்டு. அதற்கு மறுநாளும்... சத்துதானே? சத்து எப்படிக் கெடுக்கும்? கூடக் கொடுத்தால் கூட வெளிச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த மாதங்களில் நான் தரையில் நடக்கவில்லை. குளத்திலிருந்து ஈரக்காற்று வரும். அவள் கையை நீட்டுவாள். இரண்டு பொன்துளிகள் உருளும். ஒரு பெண்ணுக்கு ஒளியையே ஊட்டுகிறேன் என்று கிறங்கிக் கிடந்தேன்...

பிறகு உதடு வெடித்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. தலைவலி. ஒரு நாள் வாசலில் நின்று, "தெருவுல எல்லாரும் ரெட்டை ரெட்டையாப் போறாங்க" என்றாள், வேடிக்கை போல.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அளவு மீறினால் தலைவலி, முடி உதிர்தல், பார்வைக் கோளாறு... பொடி எழுத்தில் என் வீடே அச்சாகியிருந்தது!

மறுநாள் கண் டாக்டர் கேட்டார்: "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?"

பக்கத்தில் என் மாமியார். 'படிச்ச மாப்பிள்ளை' என்று ஊரெல்லாம் சொல்லிப் பூரிப்பவர்.

"இல்லீங்க" என்றேன்.

பஸ்ஸில் அவள் மெல்லக் கேட்டாள். "கண்ணு மாத்திரையச் சொல்லவே இல்லீங்களே?"

"அது மருந்தில்லை அம்மணி. சாப்பாடு மாதிரி."

"அதுஞ் செரிதானுங்க." என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அன்றே மிச்சத்தைக் குளத்தில் கொட்டிவிட்டு, தீர்ந்துபோயிற்று என்றேன். டாக்டர் எங்கெங்கோ காரணம் தேடினார். மாதங்கள் போயின. ரெட்டை மறைந்தது. கூடவே மற்றதும் மறைந்தது. இப்போது அவளுக்கு நிழல்கள் மட்டும்... அன்றே சொல்லியிருந்தால் கண் தப்பியிருக்குமா? தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியையும் அடைத்தவன் நான்.

பத்து வருடங்களுக்குப் பின், போன வாரம், அவள் தங்கை முழுகாமல் இருக்கும் சேதி வெள்ளகோவிலிலிருந்து வந்தது. சுலோச்சனா விரல்நுனியால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, காதர் அண்ணங்கிட்டச் சொல்லி அந்த மாத்திரை ஒரு டப்பா வாங்கியாரச் சொல்லுங்க. தங்கச்சிக்குக் குடுக்கலாம். அதைச் சாப்பிட்டதுனாலதான் எனக்கு இந்தளவாச்சும் தெரியுது."

கர்ப்பத்தில் அதை அளவு மீறிக் கொடுத்தால் குழந்தையையே ஊனமாக்கும் என்பதை இதற்குள் படித்திருக்கிறேன்.

"வயித்துப் பிள்ளைக்கு அது ஆகாது அம்மணி. அவளுக்குக் கண்டிப்பா வேண்டாம்" என்றேன்.

அவள் விரல்கள் நின்றன. முகத்தை உயர்த்தி, நான் நிற்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தாள்.

"அப்புடீங்களா? எனக்கு ஒண்ணும் பண்ணலீங்களே..."

"ஆமாம்" என்றேன்.