தண்ணீர் ஊற்றிக் கிழக்கு பார்த்தவர்

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இடது, வலது என்று யாரும் பேசுவதில்லை. பந்தியில் நகர்ந்து உட்காரச் சொல்வதென்றாலும் "கொஞ்சம் மேக்கால தள்ளி உக்காருங்க" என்போம். திசை தெரியாதவரை மனுஷக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இந்தக் கர்வத்தோடுதான் என் வீட்டுக்காரர் சென்னையில் பூமிக்கடியில் இருக்கும் மெட்ரோ நிலையத்துக்குள் இறங்கினார்.

அன்று மதியம் மகளுக்கு விமானம். வெளிநாட்டில் முதல் வேலை. காரில் போய்விடலாம் என்று நான் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். "மெட்ரோன்னா டிராஃபிக்கே இல்லம்மா" என்றாள். டிக்கெட் வாங்கி உள்ளே போனதும், பெட்டிகளோடு நானும் அவளும் லிஃப்டில் இறங்கினோம். அவருக்கு நகரும் படிக்கட்டில் போக ஆசை. மகளின் பாஸ்போர்ட் இருந்த மஞ்சள் பை அவர் தோளில். "நீங்க தொலைச்சிடுவீங்க, நானே வச்சிருக்கேன்" என்று காலையிலேயே வாங்கிக்கொண்டவர் அவர்!

லிஃப்ட் எங்களை ரயில் நிற்கும் இடத்தில் விட்டது. அவரைக் காணோம். போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"ஒரு தூணுக்கு வடவண்ட நிக்கிறேன்."

தூணுக்கு வடக்குப் பக்கமாம்! அங்கே திரும்பின பக்கமெல்லாம் தூண். "சரி, கெழக்கால நடந்து வாங்க" என்றேன், பழக்கதோஷத்தில்.

"கெழக்கு எதுன்னு தெரிஞ்சா வந்திருக்க மாட்டேனா? சூரியன் இருக்கா இங்க?"

"அப்ப வடவண்டன்னு எதை வச்சுச் சொன்னீங்க?"

"ஒரு குத்துமதிப்புதான். இரு, பாத்துட்டு வரேன்." வைத்துவிட்டார். அப்புறம் எடுக்கவே இல்லை.

ஒரு ரயில் வந்து போனது. இன்னொன்றும் போனது. "பாஸ்போர்ட் இல்லாம உள்ளயே விடமாட்டாங்கம்மா" என்று மகள் அழாத குறை. அந்த நேரத்தில் மேல்தளத்தில் விசில் சத்தம். எனக்குப் புரிந்துவிட்டது. விசில் ஊதினால் அது இவருக்காகத்தான் இருக்கும்.

பெட்டிகளை இழுத்துக்கொண்டு மேலே ஓடினோம். பளபளவென்ற தரையில் குந்தியிருந்தார். கையில் காலி தண்ணீர் பாட்டில், எதிரே ஒரு குட்டை, பக்கத்தில் காவலாளி.

"என்ன சார் பண்றீங்க?"

"கெழக்கு பாக்கிறேன் தம்பி. தண்ணி எந்தப் பக்கம் ஓடுதோ, அதான் கெழக்கு."

எங்கள் ஊரில் காவிரியிலிருந்து கடைசி வாய்க்கால் வரை கிழக்கே கடலைப் பார்த்துத்தான் ஓடும். அது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இங்கே தண்ணீர் எந்தப் பக்கமும் நகரவில்லை. அதற்காக இவர் வெட்கப்பட்டாரா? தரையைத் தடவிக் கொடுத்தார். "என்னா மட்டம் பாரு! நம்ம வயலை என்னிக்காவது இப்படிப் பரம்படிச்சிருக்கோமா?"

என் மானம் கப்பலேறியது. பையைப் பிடுங்கிக்கொண்டேன். மகள் பெட்டிமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். காவலாளியும் சிரித்துவிட்டு, எங்களை அடுத்த ரயிலில் ஏற்றிவிட்டார். விமானத்தைப் பிடித்துவிட்டாள்.

போன வாரம் அவளிடமிருந்து போன். அங்கே நகரத்துக்கு நடுவில், பூமிக்கடியில் ரயிலுக்கு நிற்கிறாளாம். அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அப்பா, இங்க எனக்குக் கெழக்கு எதுன்னே தெரியலப்பா. கையில தண்ணி பாட்டில் இருக்கு. ஊத்தட்டுமா?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"ஊத்தும்மா. அது எந்தப் பக்கம் ஓடுதோ, அப்படியே வீட்டுக்கு வந்துடு" என்றவர், போனை என் கையில் திணித்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.