செவ்வாய்க்கிழமை லீவு

பாரிவாக்கத்தில் நான் நடத்துவது ஹார்டுவேர் கடை. சுற்றிலும் அடுக்குமாடிகள். அங்கே குடியிருப்பவர்கள் ஒழுகும் குழாயை வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதான் வாஷர் வாங்க வருவார்கள். அதனால் ஞாயிறு மூடுகிற பேச்சே இல்லை. ஏழு நாளும் திறக்கலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. வேலை செய்பவருக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை தரவேண்டும், அதை எழுதிக் கடையில் மாட்டவேண்டும் என்பதும் அதே உத்தரவில்தான் இருந்தது. எனக்குப் பாதி படித்ததுமே மனசு நிறைந்துவிட்டது.

வேலைக்கு இருப்பவர் ஒரே ஒரு பெண். எந்த ஆணி எந்த டப்பாவில் என்று அவருக்குத்தான் தெரியும். அவர் கேட்டது ஞாயிற்றுக்கிழமை லீவு. கணவருக்கு அம்பத்தூரில் கம்பெனி வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நாலு பேரும் சேர்ந்து சாப்பிட அந்த ஒரு நாள்தான். "பாக்கலாம்மா" என்று ஒரு வருஷம் ஓட்டினேன். வேறு நாளும் தரவில்லை, எழுதியும் மாட்டவில்லை.

ஒரு ஞாயிறு காலை, கக்கத்தில் ஃபைலோடு ஒருவர் பைக்கை நிறுத்தினார். லேபர் இன்ஸ்பெக்டர்! ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு பெயின்ட் டின்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பாதி ஷட்டர் என்றால் பாதிக் குற்றம் என்று நினைப்பு. உடம்புதான் முழுசாக மறையவில்லை.

அவர் குனிந்து எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, ஒளிஞ்சுகினு கீற? வாஷர் கீதா, இல்லியா?"

ஃபைலில் இருந்தது வீட்டுக்கடன் காகிதமாம்.

"நெஞ்சு வலிச்சா சொல்லுண்ணா, ஆட்டோ கூப்டறேன்" என்று அந்தப் பெண் சிரித்தார்.

பயம் தெளியாமல் அன்றே அட்டை எழுதி மாட்டினேன். வார விடுமுறை: செவ்வாய். அவர் படித்தார். சிரிப்பு போய்விட்டது.

"செவ்வாக்கெழம ஊட்ல யாருண்ணா இருப்பாங்க?"

"ஒரு நாள் குடுக்கணும்னுதாம்மா சட்டம். ஞாயித்துக்கெழமதான்னு இல்ல."

"சட்டத்துக்குப் புள்ளகுட்டி இல்ல போல."

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு அட்டையை மட்டும் நேராக்கி மாட்டினேன்.

முதல் செவ்வாய், பதினொரு மணிக்கெல்லாம் வந்து நின்றார். "தொவச்சாச்சு, பெருக்கியாச்சு. செவுத்தப் பாத்துகினு எவ்ளோ நேரம் குந்தறது?"

லீவு நாளில் ஆள் உள்ளே இருந்தால் மாட்டிக்கொள்வேனே! கவுன்டருக்கு வெளியே, வாடிக்கையாளர் மாதிரி நிற்கச் சொன்னேன்.

நின்றார். இப்போதும் செவ்வாய்க்கிழமைகளில் அங்கேதான் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே.